வீட்டு விசேஷத்துல பட்டாசு: வாளியில தண்ணி பிடிக்கிறதுல ஆரம்பிச்சு மறுநாள் காலைல கூட்டிப் பெருக்குற வரைக்கும்

வீட்ல ஏதாவது விசேஷம், சாயங்காலம் பட்டாசு வெடிக்கலாம்னு முடிவாயிடுச்சுன்னா, எந்த வெடி வாங்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிடுங்க: யார் கொளுத்தப் போறாங்க? "எல்லாரும் சேர்ந்துதான்"னு பதில் வந்தா அங்கேயே பிரச்சினை ஆரம்பிச்சாச்சு. நான் பாத்த வரைக்கும் பெரிய வெடியால ஆன காயத்தைவிட, ரெண்டு பேர் ஒரே நேரத்துல ரெண்டு திரி பத்த வச்சதால ஆனதும், வெடிக்கலையேன்னு ஒருத்தர் கிட்ட போய்க் குனிஞ்சு பாத்ததால ஆனதும், "மத்தாப்புதானே, புள்ள கையில குடுங்க"ன்னு சொன்னதால ஆனதும்தான் அதிகம். அதனால இந்த வழிகாட்டில அந்த மூணு இடத்துல கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன், மத்ததை வேகமா தாண்டிடுவேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல நின்னுட்டா மீதி விதி எல்லாம் மனப்பாடம் பண்ணவே வேண்டாம். விறகு எரியணும்னா காத்து வேணும், மூடி வச்சா அணைஞ்சிடும். பட்டாசு மருந்து அப்படி இல்ல, அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளேயே இருக்கு. பழைய காலத்து கருப்பு வெடிமருந்தை எடுத்துக்கங்க, நூறு பங்குல சுமார் 75 பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அந்த 75 பங்கு வெடியுப்போட வேலையே ஆக்சிஜன் குடுக்கிறதுதான். மத்தாப்புல பெரும்பாலும் பேரியம் நைட்ரேட் அந்த வேலையைப் பாக்குது, கூட அலுமினியத் தூளும் இரும்புத் தூளும். அதனால எரிஞ்சிட்டிருக்கிற பட்டாசு மேல மண்ணைப் போட்டாலும், டப்பாவைக் கவுத்தாலும், காலால மிதிச்சாலும் அது பாட்டுக்கு எரியும். மூடினா ஒண்ணே ஒண்ணுதான் நடக்கும், உள்ள அழுத்தம் ஏறி மூடினது சிதறும். தகர டப்பா, கண்ணாடி பாட்டில், தேங்காய்ச் சிரட்டைன்னு எதுக்குள்ள வச்சு வெடிச்சாலும் அது வெறும் சத்தமா இருக்காது, நாலாபக்கமும் பறக்கிற துண்டா மாறிடும். பசங்க ரொம்ப ஆசைப்படுற விளையாட்டு இது, கண்ணு போற விளையாட்டும் இதுதான்.

வாங்கும்போது

இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டியதில்ல. முதல்ல உங்க ஊர்ல வீட்ல வெடிக்க அனுமதி இருக்கா, எந்த வகைக்கு, எத்தனை மணி வரைக்கும்னு பாத்துக்கங்க, ஏன்னா சில இடங்கள்ல மத்தாப்பு தவிர எதுக்குமே அனுமதி கிடையாது. உரிமம் இருக்கிற கடையில வாங்குங்க. தயாரிச்சவங்க பேரும் எப்படிக் கொளுத்தணும்னு குறிப்பும் இல்லாத, வெறும் பழுப்புத் தாள்ல சுத்தின சரக்கைத் தொடாதீங்க. ஐரோப்பாவுல பட்டாசை நாலு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க, எஃப்1 வகைக்கு குறைஞ்சது 1 மீட்டர் தள்ளி நிக்கணும், எஃப்2-க்கு 8 மீட்டர், எஃப்3-க்கு 15 மீட்டர், எஃப்4 பொதுமக்களுக்கே கிடையாது, பயிற்சி எடுத்தவங்களுக்கு மட்டும். உங்க பெட்டில இந்தக் குறியீடு இல்லாட்டியும் கணக்கு உதவும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு முன்னாடி இருக்கிற இடத்தை ஒரு தடவை காலடியால அளந்து பாருங்க. உங்களுக்கு இருக்கிறதே ஆறு மீட்டர்னா வானத்துல போய் வெடிக்கிற எதையும் வாங்காதீங்க, அவ்வளவுதான்.

பெட்டியைத் தொறந்து பாக்க விட்டாங்கன்னா திரி உடையாம இருக்கா, அடிப்பக்கம் அமுங்கியிருக்கா, மருந்து தூளா கொட்டியிருக்கான்னு பாருங்க. கீழ விழுந்து அடிபட்ட புஸ்வாணம் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள இறுக்கமா அமுக்கி வச்ச மருந்துல விரிசல் விட்டிருக்கும். அந்த விரிசல் வழியா தீ ஒரே நேரத்துல நிறைய இடத்துல பத்திக்கும், மெதுவா பூவா கொட்ட வேண்டியது குண்டா வெடிக்கும். புஸ்வாணம் திடீர்னு வெடிக்கிறதுக்கு இதுவும் வாய் அடைச்சுக்கிறதும் முக்கியமான காரணம்.

கொண்டு வந்து வைக்கிறது

அட்டைப் பெட்டில, மூடி போட்டு, ஈரமில்லாத இடத்துல, அடுப்பங்கரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் தூரமா, புள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, வெயில்ல நிக்கிற காருக்குள்ள சூடு எப்படி ஏறும்னு ஸ்டியரிங்கைத் தொட்டவங்களுக்குத் தெரியும். படுக்கை ரூம் கட்டிலுக்கு அடியில வைக்கிறதும் வேண்டாம்.

நமத்துப் போன பட்டாசை மொட்டை மாடில காய வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. நானும் சின்ன வயசுல தட்டுல பரப்பி வச்சு காக்கா ஓட்டினவன்தான். இப்ப யோசிச்சா பயமா இருக்கு. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் ஈரத்துல சேர்ந்தா மெதுவா வினை நடந்து தானாவே சூடேறலாம், அதுக்கு மேல வெயில் வேற. காஞ்சப்புறம் அது முன்ன மாதிரியே நடந்துக்கும்னும் சொல்ல முடியாது, ஒண்ணு திரி சட்டுனு ஓடும் இல்லாட்டி பாதில நிக்கும். நமத்துப் போச்சுன்னா காய வைக்காதீங்க, வாளித் தண்ணில முழுசா முக்கி ஒழிச்சிடுங்க. அதே மாதிரி, பழைய பட்டாசைப் பிரிச்சு மருந்தை ஒண்ணாக் கொட்டி "பெருசா ஒண்ணு செய்யலாம்"ங்கிறது கை விரல் போறதுக்கான நேர் வழி. உராய்வு போதும், தீக்குச்சியே தேவைப்படாது.

இடத்தைத் தயார் பண்றது (அன்னைக்கு மத்தியானமே)

இருட்டினப்புறம் இதைச் செய்ய முடியாது, அதனால வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுத்து வாங்க. தலைக்கு மேல பாருங்க: மரக்கிளை, கரண்ட் கம்பி, கூரை, ஷாமியானா. தரையைப் பாருங்க: காஞ்ச இலை, வைக்கோல், அட்டைப்பெட்டி. சுத்தி பாருங்க: கொடில காயற துணி, நிறுத்தி வச்சிருக்கிற பைக், தொறந்து கிடக்கிற ஜன்னல், ஜன்னல்ல ஆடுற திரைச்சீலை. ராக்கெட் ஒண்ணு தொறந்த ஜன்னல் வழியா உள்ள போனா மெத்தையில போய் விழும், அது உடனே தெரியாது, அரை மணி நேரம் கழிச்சு புகை வரும்போதுதான் தெரியும். அக்கம்பக்கத்துல இருக்கவங்க கிட்டயும் இத்தனை மணிக்கு வெடிக்கப் போறோம், ஜன்னலைச் சாத்திக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கைக்குழந்தையோ, மூச்சுத்திணறல் இருக்கவங்களோ, வளர்ப்பு நாயோ இருந்தா அவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

பால்கனி, மாடிப்படி, கார் ஷெட், வராண்டா, இதெல்லாம் வெடிக்கிற இடம் இல்ல. மழை பெய்யுதுன்னு வராண்டால வச்சு புஸ்வாணம் கொளுத்துறது இன்னும் மோசம், பொறி மேல்கூரையில பட்டு தலைமேலேயே திரும்பி விழும். மழை வந்தா விட்டுடுங்க, காத்து பலமா அடிச்சாலும் விட்டுடுங்க. காத்து லேசா இருந்தா எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு ஒரு ஊதுபத்தி புகையை வச்சுப் பாத்துட்டு, பாக்கிறவங்களை காத்து வர்ற பக்கமா உக்கார வைங்க, புகையும் பொறியும் எதிர்ப்பக்கமா போகட்டும்.

பக்கத்துல வச்சுக்க வேண்டியது: ரெண்டு வாளி நிறைய தண்ணி, ஒரு வாளி மணல், குழாய்ல மாட்டி தயாரா வச்ச ஹோஸ் பைப், கெட்டியான பருத்திப் போர்வை ஒண்ணு, டார்ச் லைட். தீயணைப்பான் இருந்தா நல்லது, ஆனா அது எரியுற பட்டாசை அணைக்கிறதுக்கு இல்ல (மேல சொன்னேனே, அதுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கு), பட்டாசு பத்த வச்ச வேற பொருளை அணைக்கிறதுக்கு. வாளி ஏன் ரெண்டுன்னா, ஒண்ணு தீ பிடிச்சா ஊத்துறதுக்கு, இன்னொண்ணு எரிஞ்ச கம்பியையும் காலியான பட்டாசையும் போடுறதுக்கு. ஒரே வாளின்னா அவசரத்துக்குத் தூக்கி ஊத்தும்போது உள்ள இருக்கிற கம்பி எல்லாம் சேர்ந்து பறக்கும்.

பட்டாசுப் பெட்டியை கொளுத்துற இடத்துக்கு அஞ்சாறு மீட்டர் பின்னாடி, மூடியோட வைங்க. ஒண்ணு எடுத்தா மூடணும், திரும்பவும் எடுத்தா திரும்பவும் மூடணும். ஒரு பொறி தொறந்த பெட்டிக்குள்ள விழுந்தா எல்லாமும் ஒரே நேரத்துல கிளம்பும், எதை நோக்கி ஓடுறதுன்னு யாருக்கும் புரியாது.

வேலை பிரிக்கிறது

மூணு பேர் போதும். ஒருத்தர் கொளுத்துறவர், அவர் மட்டும்தான் கொளுத்துவார். அவர் அன்னைக்கு ஒரு சொட்டு குடிச்சிருக்கக் கூடாது, குடிச்சவரு எவ்வளவு பெரியவரா இருந்தாலும் உக்காந்து பாக்கட்டும், மாமாவா இருந்தாலும் சித்தப்பாவா இருந்தாலும். இன்னொருத்தர் வாளிப் பக்கத்துல நிப்பார், போனைப் பையில போட்டுட்டு. மூணாவது ஆள் புள்ளைங்களை எண்ணிட்டே இருக்கிறவர், இதை நான் சிரிப்புக்குச் சொல்லல. இருட்டுல, புகைல, எல்லாரும் மேல பாத்துட்டிருக்கும்போதுதான் நாலு வயசுப் புள்ளை கீழ கிடக்கிறதை எடுக்கப் போகும். வீடியோ எடுக்கணும்னா நாலாவது ஆள் எடுக்கட்டும், கொளுத்துறவர் ஒரு கைல போனும் இன்னொரு கைல ஊதுபத்தியுமா நிக்கக் கூடாது.

உடுப்புல ரொம்ப யோசிக்க வேண்டாம்: பருத்தி, உடம்போட ஒட்டி இருக்கணும், கால்ல மூடின செருப்பு இல்ல ஷூ. நைலான், பாலியஸ்டர் மாதிரி துணி சூட்டுல உருகி தோலோட ஒட்டிக்கும், எடுக்கும்போது தோலும் வரும். பருத்தியும் எரியும்தான், ஆனா உருகி ஒட்டாது. துப்பட்டா, முந்தானை, ஸ்கார்ஃப், தொங்குற கை எல்லாத்தையும் இழுத்துச் சொருகிக்கங்க, நீள முடியைக் கட்டிக்கங்க. கொளுத்துறவர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடட்டும், ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ப்ளாஸ்டிக் கண்ணாடி போதும். இன்னொண்ணு, கையில சானிடைசர் தடவின கையோட தீப்பெட்டியைத் தொடாதீங்க. அதுல பெரும்பாலும் ஆல்கஹால், அது எரியுறப்போ வெளிச்சத்துல நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. சோப்பு போட்டுக் கழுவுங்க.

கொளுத்துறது

ஒரு நேரத்துல ஒண்ணு. தரையில நேரா வைங்க, ஆடுதான்னு பாருங்க, சுத்தி யாரும் இல்லைன்னு ஒரு தடவை சத்தமா கேளுங்க. தீக்குச்சியாலயும் லைட்டராலயும் கொளுத்தாதீங்க, கை திரிக்கு ரொம்ப கிட்ட போயிடும், நீளமான ஊதுபத்தி இல்ல நீளக் குச்சியோட முனை, கையை நீட்டிக்கிட்டு. உடம்பு பட்டாசுக்கு நேர் மேல வரக் கூடாது, பக்கவாட்டுல நில்லுங்க, ஒரு கால் பின்னாடி வைங்க, குத்துக்கால் போட்டு உக்காராதீங்க, உக்காந்தா எந்திரிச்சுக் கிளம்ப ஒரு நொடி வீணாகும். அமெரிக்க விதிப்படி திரி குறைஞ்சது 3 நொடியில இருந்து அதிகபட்சம் 9 நொடிக்குள்ள எரியணும், அந்த 3 நொடியை நம்பி இருங்க, அதுக்கு மேல கிடைச்சா லாபம். பத்தினதும் திரும்பி ஓடாதீங்க, இருட்டுல தடுக்கும். எந்தப் பக்கம் பின்வாங்கப் போறோம்னு முன்னாடியே காலால ஒரு கோடு போட்டு வச்சுட்டு வேகமா நடந்து வாங்க. கையில பிடிச்சுப் பத்த வச்சுத் தூக்கி எறியுற வேலையே வேண்டாம், திரி எவ்வளவு வேகமா ஓடும்னு அந்த ஒரு பட்டாசுக்கு மட்டும்தான் தெரியும்.

வகைவாரியா பாத்தா, தரைச்சக்கரம் வழவழப்பான கெட்டித் தரையில மட்டும்தான் ஒழுங்கா சுத்தும். புல்லுலயும் மணல்லயும் ஒரு பக்கமா மாட்டிக்கிட்டு கால் பக்கம் எகிறும், அதனாலதான் ஷூ. ராக்கெட்டுல அந்த நீளக் குச்சிதான் அதோட வாலு, பின்பக்கத்தை நேரா வச்சுப் போறதுக்கு. குச்சி உடைஞ்சதையோ, உடைச்சதையோ விட்டா எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. பாட்டில்ல வைக்கிறதா இருந்தா பாட்டிலோட பாதிக்கு மேல மணல் போட்டுக் கெட்டியா நிறுத்துங்க, லேசா ஆளில்லாத பக்கம் சாச்சு. குச்சியை மண்ணுல அழுத்திச் சொருகுறது ரொம்பத் தப்பு, கிளம்ப முடியாம நின்ன இடத்துலயே வெடிக்கும். சரவெடியை ஒரு குவியலா போடாதீங்க, நேரா நீட்டிப் போட்டு ஒரு முனையைக் கொளுத்துங்க, கையில தூக்கிப் பிடிச்சுக் காட்டுறதுலாம் சினிமா வேலை. அடுத்தடுத்து பல குண்டு மேல போற பெட்டி மாதிரி பட்டாசு இருக்கே, அதுக்கு சுத்தி ரெண்டு மூணு செங்கல் அண்டக் குடுங்க. முதல் குண்டோட உதையிலேயே பெட்டி சாஞ்சிடும், மீதி எல்லாம் உக்காந்திருக்கிறவங்க பக்கமா போகும். பாம்பு மாத்திரை சத்தமே போடாது, ஆனா அந்தச் சின்ன மாத்திரைல வர்ற புகையை முகத்துக்கு நேரா வச்சுக் குனிஞ்சு பாக்குறது புள்ளைங்க நுரையீரலுக்கு நல்லதில்ல, வேணும்னா தள்ளி நின்னு பாக்கட்டும்.

மத்தாப்பு, அதுதான் பெரிய வில்லன்

எரியுற கம்பி மத்தாப்போட முனை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். அலுமினியப் பாத்திரம் 660 டிகிரிலேயே உருகிடும்னு யோசிச்சுப் பாருங்க, அதை நாம மூணு வயசுப் புள்ளை கையில குடுத்து "சுத்து சுத்து"ன்னு சொல்றோம். "பொறி கையில விழுந்தா ஒண்ணும் பண்ணாதே"ன்னு கேப்பீங்க, சரிதான். ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உலோகத் துகள், சூடு அதிகம் ஆனா எடை இல்ல, அதனால சுருக்குன்னு தொட்டுட்டு ஆறிடும். கம்பி அப்படி இல்ல, அதுக்கு எடை இருக்கு, அந்த எடை முழுக்கச் சூடு. பொறி பழகின கையை வச்சுக்கிட்டு கம்பியை எடை போடுறதுதான் நாம பண்ற தப்பு.

எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் இன்னும் மோசம். வெளிச்சம் போயிடுச்சு, பாக்க வெறும் கருப்புக் கம்பி, ஆனா நிறைய நேரம் சூடு இருக்கும். எங்க வீட்டு விசேஷத்துலயே ஒரு தடவை யாரோ முடிஞ்ச கம்பியை புல்தரையில போட்டுட்டாங்க, என்னோட சித்தி பையன் வெறுங்காலோட ஓடி வந்து நேரா மிதிச்சான், அந்தக் கோடு அவன் பாதத்துல ரெண்டு மாசம் இருந்துச்சு. அன்னைக்கு வெடிச்ச அத்தனை வெடியில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால முடிஞ்ச கம்பி நேரா தண்ணி வாளிக்குள்ள, "சுர்"ன்னு சத்தம் கேக்கணும், கேட்டாத்தான் போட்டதா கணக்கு. புள்ளைங்களுக்கு இதை ஒரு விளையாட்டா ஆக்கிட்டா அவங்களே பிடிச்சுக்குவாங்க.

அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கவங்க கையில குடுக்கவே வேண்டாம், நீங்க பிடிச்சுக் காட்டுங்க. கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு மறு கையில மத்தாப்பு பிடிக்காதீங்க, குழந்தை கை எப்பவும் வெளிச்சத்தைத் தேடித்தான் போகும். பெரிய புள்ளைங்க பிடிக்கும்போது கை முழுசா நீட்டி, ஆளுக்கு ஆள் ஒரு கை நீளத்துக்கும் மேல இடைவெளி விட்டு, நடக்காம நிக்கணும். ஒருத்தர் மத்தாப்புல இருந்து இன்னொருத்தர் மத்தாப்பைப் பத்த வைக்கிறது அழகாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு முகம் கிட்ட வந்து நிக்கிற நேரம் அது. நாலஞ்சு கம்பியைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்துறது கூடவே கூடாது, தனித்தனியா மெதுவா எரியுறது கத்தையா கட்டினா ஒரே வீச்சுல எரியும், கை எடுக்க நேரம் கிடைக்காது.

வெடிக்காததுக்கு என்ன பண்றது

திரி எரிஞ்சுது, புகை வந்துச்சு, சத்தம் இல்ல. எல்லாரும் கொளுத்தினவரையே பாப்பாங்க, அவரு லேசா வெக்கப்பட்டுட்டு கிட்ட போவாரு. இந்த ஒரு நிமிஷம்தான் ராத்திரியோட மிக மோசமான நிமிஷம். திரி உள்ள புகைஞ்சிட்டே இருக்கலாம், சுடர் தெரியாது, மருந்தைத் தொட இன்னும் அரை அங்குலம் பாக்கி இருக்கலாம். அதனால கிட்டயே போகாதீங்க. குறைஞ்சது 20 நிமிஷம், மணி பாத்து, அந்த இடத்துல வேற யாரையும் விடாம. அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல அடுத்த பட்டாசும் வைக்காதீங்க, வேற இடம் இருந்தா அங்க வைங்க, இல்லாட்டி எல்லாரும் சாப்பிடப் போங்க. அப்புறம் தள்ளி நின்னு ஹோஸ் பைப்பாலயோ வாளியாலயோ தண்ணியை நல்லா ஊத்துங்க, ஊறினதும் நீளக் கைப்பிடி இருக்கிற மண்வெட்டியால எடுத்து வாளித் தண்ணில போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. திரும்பக் கொளுத்துறது, திரியைப் பிடிச்சு இழுக்கிறது, குச்சியால குத்துறது, காலால தள்ளுறது, வாயால ஊதுறது, எல்லாமே ஒரே வகைத் தப்புதான். ஒரு பட்டாசு வீணாப் போச்சுன்னு வருத்தப்படுறது ஒரு நிமிஷ வேலை, விட்டுடுங்க.

காது, மூச்சு, நாய் பூனை

உலக சுகாதார நிறுவனம் திடீர்ச் சத்தத்துக்கு வச்சிருக்கிற உச்ச அளவு பெரியவங்களுக்கு 140 டெசிபெல், குழந்தைங்களுக்கு 120. குண்டு வெடி கிட்ட நின்னா இதைச் சாதாரணமாத் தாண்டிடும். திறந்த வெளியில தூரத்தை ரெண்டு மடங்காக்கினா சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும், ஆக நாலு மீட்டர்ல நிக்கிற புள்ளையை எட்டு மீட்டருக்குக் கூட்டிட்டுப் போறதே ஒரு மருந்து மாதிரி. காதுல பஞ்சு வைக்கிறது பெருசா உதவாது, நுரையில செஞ்ச காதடைப்பான் வாங்குங்க. கைக்குழந்தை உள் ரூம்ல இருக்கட்டும். ஆஸ்துமா இருக்கவங்க இன்ஹேலரைப் பையில வச்சுக்கிட்டு, ஜன்னல் மூடின ரூம்ல இருந்து பாக்கட்டும். புகைல கந்தக டை ஆக்ஸைடு இருக்கு, காத்து அசையாத ராத்திரில அது கலையாம தரையோடயே நிக்கும்.

நாயைச் சாயங்காலமே வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வந்து உள்ள விட்டு, திரையை இழுத்து விட்டு, ஃபேனோ டிவியோ போட்டு வைங்க. கழுத்துல பேரும் போன் நம்பரும் இருக்கணும், பயத்துல கேட்டைத் தாண்டி ஓடின நாய் வழி தெரியாம மாட்டிக்கும்.

அடிபட்டா

தீக்காயம்னா உடனே குழாய்த் தண்ணி, ஐஸ் தண்ணி இல்ல, சாதாரணக் குளிர்ந்த தண்ணி, ஓடிட்டே இருக்கணும், 20 நிமிஷம். ரெண்டு நிமிஷம் காட்டிட்டு "ஆறிடுச்சு"ன்னு எடுக்காதீங்க, மேல்தோல் ஆறியிருக்கும், உள்ள சூடு வேலை செஞ்சிட்டே இருக்கும். பட்டு மூணு மணி நேரம் ஆகியிருந்தாலும் தண்ணி காட்டுறதுல பலன் இருக்கு. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. தோலோட ஒட்டின துணியை இழுக்காதீங்க, சுத்தி வெட்டி விட்டுடுங்க. பற்பசை, இங்க், மஞ்சள், வெண்ணெய், மாவு, எதுவும் வேண்டாம், சூட்டை உள்ளேயே பூட்டும், டாக்டருக்கும் சுத்தம் பண்ற வேலை. கொப்புளத்தை உடைக்காதீங்க. சமையல்ல சுத்துற மெல்லிய ப்ளாஸ்டிக் தாளை மேல லேசாப் போடுங்க, சுத்திக் கட்டாம. சின்னப் புள்ளைக்கு நிறைய இடத்துல பட்டிருந்தா காயத்துக்கு மட்டும் தண்ணி காட்டிட்டு மத்த உடம்பைப் போர்த்தி வைங்க, இல்லாட்டி உடம்பே குளிர்ந்து போயிடும்.

அடிபட்டவரோட உள்ளங்கை, விரலோட சேர்த்து, அவர் உடம்புல சுமார் 1 சதவீதம். அந்த அளவுக்கு மேல பட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இதுல எங்க பட்டாலும் அளவு பாக்காம போங்க. வெள்ளையாவோ கருகியோ இருந்து வலியே இல்லைன்னா அது நல்ல சேதி இல்ல, நரம்பு வரைக்கும் போயிருக்கு.

துணில தீ பிடிச்சா ஓட விடாதீங்க, ஓடினா காத்துல தீ பெருசாகும். நிறுத்தி, கீழ படுக்க வச்சு, முகத்தைக் கையால மூடிக்கிட்டு உருளச் சொல்லுங்க, அந்தக் கெட்டிப் போர்வையால போர்த்துங்க. அப்புறம் தண்ணி.

கண்ணுல வெடிச்சு அடிபட்டா விதியே வேற. கசக்காதீங்க, அழுத்தாதீங்க, தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க, சொட்டு மருந்து போடாதீங்க, ஏதாவது குத்தியிருந்தா பிடுங்காதீங்க. காகிதக் கப்போட அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாம சுத்தியுள்ள எலும்பு மேல உக்கார்ற மாதிரி மூடி, நேரா கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை குடுக்காதீங்க, ரத்தக்கசிவு கூடலாம். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இரவு திறந்திருக்கிற ஆஸ்பத்திரி, மூணு நம்பரையும் சாயங்காலமே போன்ல ஏத்தி வைங்க, அடிபட்ட பிறகு தேடுற நம்பர் கைக்கு வர்றதே இல்ல.

முடிஞ்சப்புறம்

கடைசிப் பட்டாசு முடிஞ்சதும் அரை மணி நேரம் அந்த இடத்துல ஒருத்தராவது இருங்க. குப்பையை உடனே கூட்டிக் குப்பைத்தொட்டில போடாதீங்க, உள்ள புகைஞ்சிட்டிருக்கிற ஒரு அட்டை மொத்தத் தொட்டியையும் பத்த வச்சிடும். எல்லாத்தையும் தண்ணில நல்லா முக்கி, காலைல ப்ளாஸ்டிக் கவர்ல கட்டிப் போடுங்க. வெறும் அட்டையைக் கூட குவிச்சு எரிக்காதீங்க, அதுக்குள்ள வெடிக்காத ரெண்டு மூணு எப்பவும் இருக்கும். எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும், பேரியம் மாதிரி உலோகங்கள் விரல்ல ஒட்டியிருக்கும். மிச்சமான பட்டாசை அன்னைக்கே எண்ணிப் பெட்டில மூடி மேல வைங்க.

அப்புறம் மறுநாள் விடியக்காலை. புள்ளைங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சு வெளிச்சத்துல ஒரு சுத்து வரணும், புல்லுக்குள்ள, செடி அடியில, சாக்கடை ஓரத்துல, கார் அடியில. சரவெடில இருந்து தெறிச்சு வெடிக்காம கிடக்கிறது, திரி பாதி எரிஞ்சது, கம்பி, எல்லாம் ராத்திரி டார்ச்சுல தெரியாது. அதைப் பொறுக்கிச் சேத்து வச்சு மத்தியானம் யாருமில்லாத நேரத்துல கொளுத்துற பசங்களை எனக்குத் தெரியும், நானே அந்தப் பசங்கள்ல ஒருத்தன். அதனால இப்ப எங்க வீட்ல ஆறு மணிக்கே கையில வாளியோட வெளிய போறது நான்தான், அவங்க பல் தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள தரையில ஒண்ணும் இருக்காது.